பாத்தி பாத்தியாகப் பக்குவமாகும் மென்பொருள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், கீழ்புத்துப்பட்டைக் கடந்து மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்களைப் பார்க்கலாம். கண்ணாடித் தகடுகளைப் பதித்தாற்போல் வரிசை வரிசையாகப் பாத்திகள். வரப்புகளின் மேல் வெண்ணிறக் குவியல்கள். இத்தனை பாத்திகள் எதற்கு என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

உவர் நீரை ஒரே பாத்தியில் தேக்கிக் காயவிட்டாலும் ஏதோ ஓர் உப்பு கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அதில் சுண்ணாம்பு, ஜிப்சம், கசக்கும் மக்னீசிய உப்புகள் எல்லாம் கலந்திருக்கும். ஆகவேதான் நீரைப் படிப்படியாக ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்துகிறார்கள். நீரின் அடர்த்தியைப் 'பாமே' என்னும் அளவில் குறிப்பது வழக்கம். கடல் நீர் அந்த அளவில் ஏறத்தாழ 3 பாகை இருக்கும். வெயிலில் அது 25 பாகையை எட்டுவதற்குள் சுண்ணாம்பும் ஜிப்சத்தின் பெரும்பகுதியும் முந்தைய பாத்திகளிலேயே படிந்து நின்றுவிடும். 25 பாகையில் சோற்றுப்பு விளையத் தொடங்கும். 30 பாகையைத் தாண்டவிடாமல், எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, தகுதி பெறாத நீரை அடுத்த பாத்திக்கு விடுவதில்லை. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உப்பை வாரிவிட வேண்டும். தரத்துக்கு ஒரு வரம்பு, காலத்துக்கு ஒரு கெடு. இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பாற்றுவதே உப்பளத் தொழிலின் நுட்பம்.

சரி, கணிப்பொறியைப் பற்றிய கட்டுரையில் உப்பளம் எதற்கு? பல்லாயிரம் நிரல்களைக் கொண்ட ஒரு பெரிய மென்பொருளை மக்கள் கையில் கொடுப்பதிலும் இதே இரண்டு சிக்கல்கள்தாம் உள்ளன. அவற்றைத் தீர்க்க உலகெங்கும் உள்ள தொண்டர்கள் முப்பது ஆண்டுகளாகக் கற்ற பாடத்தை இங்கே காண்போம்.

ஊர் கூடி இழுக்கும் தேர்

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியே நிரல். நிரலின் மூலவடிவத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று உரிமை அளித்துவிட்டால் அது திறமூல மென்பொருள் ஆகிறது. அத்தகைய மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இசைந்து இயங்கும்படி அமைத்து, இயங்குதளமாக வழங்கும் அமைப்புகளுள் முதன்மையான ஒன்று டெபியன். ஐயன் மர்டாக் என்ற மாணவர் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதைத் தொடங்கினார். இன்று ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு இதற்காக உழைக்கிறார்கள். யாருக்கும் இந்த அமைப்பு சம்பளம் தருவதில்லை.

இது எங்கோ நடக்கும் செய்தி என்று எண்ண வேண்டாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணிப்பொறிகள் பலவற்றில் பாஸ் இருந்தது. மேலே டெபியனில் ஒரு பிழை தப்பிவிட்டால், அது கீழே பள்ளிக்கூடம் வரை வந்து சேரும். இணைய வசதியில்லாத ஊரில் அதைத் திருத்துவது எளிதன்று.

ஆகவே 'வெளியீடு' என்பது வெறும் விளம்பரம் அன்று. 'இது பயன்படுத்தத் தகுந்தது, இதற்கு நாங்கள் பொறுப்பு' என்று சொல்லும் உறுதிமொழி. டெபியனின் வரலாற்றில் 1.0 என்ற எண்ணுடைய வெளியீடு கிடையாது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1995-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு குறுந்தகடு விற்பனை நிறுவனம், உருவாகிக்கொண்டிருந்த அரைகுறைப் படியை எடுத்து 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டது. குழப்பம் வராதிருக்க, டெபியன் அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்ற எண்ணுடன் தன் வெளியீட்டைக் கொண்டுவந்தது.

மூன்று பாத்திகள்

1.1 வெளியீட்டில் இருந்தவை 474 பொதிகள். பொதி என்பது ஒரு மென்பொருளையும், அதை நிறுவத் தேவையான குறிப்புகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் உள்ள பொதிகள் எத்தனை தெரியுமா? 69,830! இவை தனித்தனியே நிற்பவை அல்ல. ஒரு பொதி வேறு பத்துப் பொதிகளைச் சார்ந்திருக்கும். அந்தப் பத்தும் இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். அடித்தளத்திலுள்ள ஒரு நிரலகத்தை மாற்றினால், அதன்மேல் நிற்கும் நூற்றுக்கணக்கான பொதிகளை மறுபடியும் உருவாக்க நேரலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் சோதித்து முடிக்க யாராலும் இயலாது. ஆகவே டெபியனும் பாத்திகள் கட்டியது.

முதல் பாத்திக்கு 'நிலையற்றது' என்று பெயர். புதிய பொதிகள் இங்கேதான் வந்து விழும். இதற்கு 'சிட்' என்ற செல்லப்பெயரும் உண்டு. டெபியன் தன் வெளியீடுகளுக்கு 'டாய் ஸ்டோரி' என்ற கேலிச்சித்திரத் திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்தான் சிட். பொருத்தமான பெயர் அல்லவா?

இரண்டாவது பாத்தி 'சோதனை'. 2000-ஆம் ஆண்டில் இது கட்டப்பட்டது. மூன்றாவது 'நிலைத்தது'. நாமெல்லாம் பயன்படுத்துவது இதைத்தான்.

முதல் பாத்தியிலிருந்து இரண்டாவதற்கு ஒரு பொதி எப்படி நகர்கிறது? இதை எந்த அதிகாரியும் கையெழுத்திட்டு அனுப்புவதில்லை. ஒரு நிரலே மடையைத் திறந்து மூடுகிறது. அது பார்க்கும் தகுதிகள் இவை: பொதி முதல் பாத்தியில் சில நாள் தங்கியிருக்க வேண்டும், சாதாரணமாக 5 நாள், அவசரத் திருத்தமானால் 2 நாள், அவசரமில்லாததானால் 10 நாள். ஏற்கெனவே சோதனையில் உள்ள படியில் இல்லாத கடும் பிழை எதுவும் அதில் இருக்கக் கூடாது. டெபியன் ஆதரிக்கும் எல்லா வகைக் கணிப்பொறிகளிலும் அது சரியாக உருவாகியிருக்க வேண்டும். அது உள்ளே வருவதால் வேறெந்தப் பொதியும் உடையக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் மடை திறக்காது.

இதன் பயன் என்ன? இரண்டாவது பாத்தி எந்நாளும் ஏறக்குறைய வெளியிடத்தக்க நிலையில் இருக்கிறது. கடைசி மாதத்தில் எல்லாவற்றையும் சீர்செய்ய வேண்டிய தலைவலி பெருமளவு குறைகிறது.

தாமதம் தாமதத்தைப் பெறும்

மடை வைத்தாயிற்று. ஆனாலும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. காலக்கெடு என்ற ஒன்று அப்போது இல்லை. 'ஆயத்தமானதும் வெளியிடுவோம்' என்பதே டெபியனின் கொள்கையாக இருந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இக்கொள்கை நடைமுறையில் என்ன ஆயிற்று?

3.0 வெளியீடு 2002 ஜூலையில் வந்தது. அடுத்ததான 3.1, 2005 ஜூனில்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! இந்த இடைவெளியில் பொதிகளின் எண்ணிக்கை சுமார் 8,500-இலிருந்து சுமார் 15,400-ஆகப் பெருகிவிட்டது. பதினொரு வகைக் கணிப்பொறிகளுக்கும் ஒரே நேரத்தில் ஆயத்தமாக வேண்டியிருந்தது. நிறுவும் நிரலைப் புதிதாக எழுதி முடிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் ஏற்பாடும் காலத்தில் அமையவில்லை.

இங்கே ஓர் உவமையைச் சொல்லலாம். உங்கள் ஊருக்கு அரைமணிக்கு ஒரு பேருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தவறவிட்டால் கவலை இல்லை, அடுத்ததில் போகலாம். நாளைக்கு ஒரே ஒரு பேருந்துதான், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது என்றால்? எல்லாரும் மூட்டை முடிச்சுகளோடு அதிலேயே ஏற முண்டுவார்கள். 'என் தம்பி வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று நடத்துநரைக் கெஞ்சுவார்கள். அதனால் வண்டி மேலும் தாமதமாகும். தாமதமாவதைக் கண்டு இன்னும் சிலர் ஓடி வருவார்கள்.

மென்பொருளிலும் இதுவே நடந்தது. அடுத்த வெளியீடு எப்போது என்று தெரியாததால், ஒவ்வொருவரும் தம் புதிய படைப்பை, அது அரைகுறையாக இருந்தாலும், இந்த வெளியீட்டிலேயே நுழைத்துவிட முயன்றார்கள். புதியது நுழைந்தால் புதிய பிழை. புதிய பிழையால் மேலும் தாமதம். ஆக, தரத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தரத்தைக் கெடுக்கும் சுழலில் சிக்கிக்கொள்கிறோம்.

இந்நோய் டெபியனுக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் கருநிரலின் 2.4 வரிசை 2001 ஜனவரியில் வந்தது, 2.6 வரிசை 2003 டிசம்பரில்தான் வந்தது. அங்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! லைனஸ் டோர்வால்ட்ஸும் அவருடைய தோழர்களும் பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம் மட்டும் மடை திறக்கிறது. பிறகு மடை மூடப்பட்டு, வாரம் ஒன்றாகச் சோதனைப் படிகள் வருகின்றன. ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை கருநிரல் வெளியாகிவிடுகிறது. ஆயத்தமாகாதது அடுத்த முறைக்குக் காத்திருக்கும். அதற்காக யாரும் வருந்துவதில்லை, ஏனெனில் அடுத்த முறை அதிகத் தொலைவில் இல்லை.

கெடு எதற்கு, தரம் எதற்கு?

2004 அக்டோபரில் உபுண்டு என்ற புதிய இயங்குதளம் பிறந்தது. டெபியனின் முதல் பாத்தியிலிருந்தே பொதிகளை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் வெளியிடுவது அதன் வழி. 'அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை?' என்ற கேள்வி டெபியன் தொண்டர்களிடையே எழுந்தது இயல்பே. 2003 முதல் 2005 வரை டெபியனின் தலைவராக இருந்த மார்ட்டின் மிக்ல்மயர், திறமூலத் திட்டங்களின் வெளியீட்டு முறைகளையே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். காலத்தை அடிப்படையாகக் கொண்ட வெளியீடு தொண்டர்களின் வேலையை ஒருங்கிணைக்க உதவுகிறது என்பது அவ்வாய்வின் கருத்து. சம்பளம் வாங்காத தொண்டரை யாரும் மிரட்டி வேலை வாங்க முடியாது. ஆனால் தேதி தெரிந்தால் அவர் தம் வேலையைத் தாமே திட்டமிட்டுக் கொள்வார்.

2009 ஜூலையில் டெபியனின் வெளியீட்டுக் குழு ஓர் அறிவிப்பைச் செய்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் மாதத்தில், புதிய மாற்றங்களை நிறுத்தி 'உறைநிலை' தொடங்கும். முதல் உறைநிலை அவ்வாண்டு டிசம்பரிலேயே என்றது. தொண்டர்கள் பலர் எதிர்த்தார்கள். தேதி வைத்தது தவறன்று. முன்கூட்டிக் கலந்து பேசாமல் ஐந்து மாத அவகாசத்தில் வைத்ததே மனத்தாங்கலுக்குக் காரணம். குழு பின்வாங்கியது. உறைநிலை 2010 ஆகஸ்டில்தான் வந்தது. வெளியீடு 2011 பிப்ரவரியில் நிகழ்ந்தது.

இதிலிருந்து கிடைத்த தெளிவு என்ன? மடையை மூடும் நாளை நெடுநாள் முன்னரே அறிவித்துவிட வேண்டும். உப்பை வாரும் நாளையோ பாத்தியைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். அதாவது, உறைநிலைக்குத் தேதி, வெளியீட்டுக்குத் தரம். கெடுவும் தரமும் ஒன்றோடொன்று மோதாமல் இவ்வாறு தத்தம் இடத்தில் அமர்ந்தன. 2011 முதல் டெபியன் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வெளிவருகிறது.

மற்றொரு சீர்திருத்தமும் உதவியது. 2012 ஜூன் இறுதியில் தொடங்கிய உறைநிலை முடிய 2013 மே வரை, பத்து மாதங்கள் ஆயின. கடும் பிழையுள்ள பொதிகளை யார் திருத்துவது என்று காத்திருந்ததே பெருஞ்சுமை. 2013-இல் ஒரு விதி வந்தது: கடும் பிழையை உரியவர் குறித்த காலத்துக்குள் கவனிக்காவிட்டால், முக்கியமல்லாத பொதி சோதனைப் பாத்தியிலிருந்து தானாகவே நீக்கப்படும். முன்னதாக எச்சரிக்கை போகும். பிழை திருத்தப்பட்டால் பொதி மீண்டும் உள்ளே வரலாம். ஒருவருடைய பொதியை மற்றவர் திருத்தித் தரவும் இடமுண்டு. அதற்கென்றே பல ஊர்களில் தொண்டர்கள் கூடிப் பிழை ஒழிப்புக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். அடுத்த உறைநிலை, 2014 நவம்பர் முதல் 2015 ஏப்ரல் வரை, ஐந்தரை மாதத்தில் முடிந்தது.

படிப்படியாக உறையும் விதம்

உறைநிலை என்றால் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். டெபியன் 13 உறைந்த விதத்தைப் பாருங்கள். 2025 மார்ச் 15-இல் பல பொதிகளைப் பாதிக்கும் பெரிய மாற்றங்கள் நின்றன. ஏப்ரல் 15 முதல் புதிய பொதிகளுக்கு இடமில்லை. சிறு திருத்தங்கள் மட்டுமே. மே 15 முதல் முக்கியப் பொதிகளில் எந்தத் திருத்தத்தையும் வெளியீட்டுக் குழு கண்ணால் பார்த்து அனுமதிக்க வேண்டும். ஜூலை 27 முதல் எல்லாப் பொதிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு. ஆகஸ்ட் 9-ஆம் நாள் வெளியீடு. அடித்தளம் முதலில் இறுகுகிறது, மேற்கட்டு பின்னால் இறுகுகிறது. வீடு கட்டுவது போன்ற ஒழுங்கு இது.

வெளியான பிறகும் பொறுப்புத் தீர்வதில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். அத்திருத்தங்களில் புதுமைகளைச் சேர்ப்பதில்லை; பழுதை மட்டும் நீக்குகிறார்கள்.

தமிழுக்கு இதனால் என்ன?

நம்மை நேரே தொடும் ஒரு செய்தி இனிமேல்தான் வருகிறது. கணிப்பொறித் திரையில் தோன்றும் வாக்கியங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கித் தருகிறார்கள். டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தமிழாக்கம் எப்படி இணைகிறது? ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்துக்கும் நேராக அதன் தமிழ் வாக்கியம் ஒரு கோப்பில் இருக்கும். ஆங்கில வாக்கியம் சிறிது மாறினாலும் அதற்கு நேரான தமிழ் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். திரையில் ஆங்கிலமே தோன்றும்.

எடுத்துக்காட்டாக, 'கோப்பை அழிக்கவா?' என்ற பொருளில் இருந்த ஆங்கில வாக்கியத்தைக் 'கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு நகர்த்தவா?' என்று வெளியீட்டுக்கு முதல்நாள் ஒருவர் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? நூறு பேர் வேலை செய்யும் பெரிய மொழிக்குழு அன்றிரவே சரிசெய்துவிடலாம். மூன்று நான்கு பேர் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தமிழ்க் குழுவால் அது இயலாது. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரை வெளியாகும். பார்ப்பவர், 'தமிழில் கணிப்பொறி சரிப்படாது' என்று முடிவு கட்டிவிடுவார்.

இதைத் தடுப்பதற்கென்றே க்னோம் போன்ற திட்டங்களில் 'சொற்றொடர் உறைநிலை' என்ற ஏற்பாடு உண்டு. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் திரை வாக்கியங்கள் உறைந்துவிடும். அதன்பின் ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டுமானால் மொழிபெயர்ப்புக் குழுவின் இசைவைப் பெற வேண்டும். க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவருவதால் தமிழ்க் குழு தன் வேலையை நாள் குறித்துச் செய்யலாம். தேதி தெரிந்த ஒழுங்கு பெரிய மொழிக்கு வசதி. சிறிய குழுவுக்கோ உயிர்நாடி.

நீங்கள் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் நிபுணர்களின் வேலை' என்று ஒதுங்க வேண்டாம். கீழ்புத்துப்பட்டு அமைந்துள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தின் தலைநகரில், 2023 ஜனவரியில், டெபியன் ஆர்வலர்களின் தமிழ்நாட்டு மாநாடு நடைபெற்றது. உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள்.

அடுத்த உறைநிலை அறிவிக்கப்படும்போது, முக்கியமான கோப்புகள் இல்லாத ஒரு பழைய கணிப்பொறியில் சோதனைப் படியை நிறுவிப் பாருங்கள். தமிழில் தட்டச்சுச் செய்யுங்கள். 'கொ', 'ஸ்ரீ' போன்ற எழுத்துகள் திரையிலும் அச்சிலும் சரியாக வருகின்றனவா என்று கவனியுங்கள். பிழை கண்டால் நான்கு செய்திகளை எழுதி அனுப்புங்கள்: எந்தப் பொதி, எந்தப் படி; நீங்கள் என்ன செய்தீர்கள்; என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்; உண்மையில் என்ன நடந்தது. டெபியனின் பிழைப் பதிவேடு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. மின்னஞ்சல் ஒன்றே போதும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. மறுபடி செய்து பார்க்கும்படி எழுதினால், எங்கோ ஒரு நாட்டிலிருக்கும் தொண்டர் அதைத் திருத்திவிடுவார்.

உறைநிலைக்குள் சொன்ன பிழை வெளியீட்டுக்கு முன்பே நீங்கும். வெளியான பிறகு சொன்னால், கடும் பிழையாக இல்லாதவரை, அடுத்த இரண்டாண்டுக் காத்திருப்புக்கு அது போய்விடக் கூடும். ஆகவே நாள்காட்டியில் அந்தத் தேதியை முதலில் குறித்து வையுங்கள்.